புறங்கையும் உள்ளங்கையும்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ராஜமேரி எந்த மிஷினுக்கும் பக்கத்தில் போவார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கொட்டி, அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பார். மிக்சியோ மோட்டாரோ, பழைய பொருள் எதை வாங்கப் போனாலும் இதுதான் வழக்கம். விற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அன்றைக்கு அவர் பார்க்க வந்தது ஒரு பின்பால் மிஷின். காரிமங்கலத்தில் நஞ்சப்பன் நடத்தும் பழைய சாமான் குடோனில், கட்டில்களுக்கும் மேசைகளுக்கும் நடுவே நின்றது. பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்ததாம். நான் பீரோ வாங்கப் போனவன். பீரோவை மறந்துவிட்டு இதன் முன்னால் நின்றுவிட்டேன். நான்கு இரும்புக் கால்மேல் நீளமாக ஒரு பெட்டி. கண்ணாடிக்கு அடியில் சரிவான பலகை. அதில் உருண்டு வருகிற எஃகுக் குண்டை, இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தானைத் தட்டித் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு பட்ட இடமெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும். இந்த வயதில் எனக்கே கை துறுதுறுத்தது என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்!

மாரியம்மன் பண்டிகையோ மாதா கோயில் கொடியேற்றமோ, இந்தப் பக்கத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் ராஜமேரியின் பலூன் சுடுகிற கடை அங்கே இருக்கும். இப்போது அதில் ஆள் நிற்பதில்லை. "பலூன யாருங்க சுடறாங்க? போன்லயே ஆளச் சுடறானுங்க," என்றார், சிரிக்காமல். இந்த மிஷின் சரிப்பட்டு வந்தால் கடை நடக்கும். இல்லாவிட்டால் கடையை ஏறக்கட்டிவிட்டு, மகள் மோனிஷாவோடு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதாக முடிவு. முதலாளி இல்லாத பிழைப்பை விட்டுப் போவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. "நாலு ஊரு மண்ண மிதிச்ச காலுங்க. ஒரே எடத்துல நின்னா வீங்கிப்பூடும்."

ஓசூர்க் கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் மோனிஷா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மிஷினுக்குக் கரண்ட் போகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சுவிட்சின்மேல் வைத்தபடி நின்றாள். "அதக் குடு பாப்பா, நான் பாத்துக்கறேன்," என்று நஞ்சப்பன் கை நீட்டினார். "வேணாங்க மாமா. சுச்சு எங்கிட்டதான் இருக்கணும்." அவள் சொன்ன தோரணையில் அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் காரணத்தைச் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால், ஏரியூர்ப் பக்கம் ஒரு பண்டிகை. சாயங்கால மழை அப்போதுதான் விட்டிருந்தது. பலூன் கடையின் இரும்புக் குழாயை நகர்த்தி வைக்கலாம் என்று ராஜமேரியின் கணவர் பெரியநாயகம் பிடித்தார். அதன்மேல் கட்டியிருந்த சீரியல் விளக்கு ஒயர் எங்கோ தோலுரிந்திருக்கிறது. பிடித்த கை பிடித்தபடி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மோனிஷா கூட்டத்துக்குள் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு, குழாயிலிருந்து அந்த விரல்களை ராஜமேரிதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாராம்.

ராஜமேரி கரண்ட் என்ற சொல்லையே சொல்வதில்லை. 'அது' என்பார். "அது இருக்குதா இல்லியான்னு மொதல்ல பாத்துடறங்க அண்ணா. வெளையாட்டெல்லாம் அப்பறம்." மகளைப் பார்த்துத் தலையசைத்தார். விளக்குகள் எரிந்தன. ஈரத்தில் நின்றபடி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற இரும்புப் பட்டையைப் புறங்கையால் தொட்டார்.

வெடுக்கென்று கை பின்னால் வந்தது. அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் அணைத்துவிட்டாள்.

"இருக்குதுங்க," என்றார் ராஜமேரி. முகம் வெளுத்திருந்தது.

நஞ்சப்பன் பதறிப்போனார். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பிளக்கைப் பார்த்தால், மூன்று பின்னில் எர்த் பின் மட்டும் ஒடிந்து கிடக்கிறது. பெட்டியைத் திறந்து, உள்ளே இரும்பில் உரசிக்கொண்டிருந்த ஒயரையும் கண்டுபிடித்து மாற்றினார். புதுப் பிளக் மாட்டி, மோனிஷா மறுபடி சுவிட்சைப் போட்டதும் டெஸ்டர் வைத்துக் காட்டினார். டெஸ்டர் விளக்கு எரியவில்லை. ராஜமேரி மறுபடி புறங்கையால் தொட்டார். கால், பட்டை, காசு போடுகிற கதவு, ஒன்று விடவில்லை. ஒன்றுமில்லை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்போதுதான் அவர் கையைத் திருப்பினார்.

"அம்மா, வேண்டாம்! புறங்கையால் பார்த்ததே போதும்," என்று நான் கத்தியேவிட்டேன்.

"பொறங்கையால தொட்டா அது ஒதறி வுட்டுடுங்க. உள்ளங்கையால புடிச்சாத்தான் வுடாது." என்னைப் பார்க்காமலே சொன்னார். "புள்ளைங்க பொறங்கையாலயா வெளையாடும்?"

சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் அந்தப் பட்டையை இறுக்கிப் பிடித்தார். மிஷின் தன்பாட்டுக்கு மணி அடித்தது, விளக்குகள் ஓடின. மிஷினை மோனிஷா பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோத்திரம் மாதாவே," என்று கையை எடுத்தார் ராஜமேரி. "எடுத்துக்கறங்க அண்ணா. வண்டிக்குச் சொல்லுங்க." நஞ்சப்பன் ஃபோனோடு வெளியே போனார். "போதும் பாப்பா, அணச்சுடு."

மோனிஷா அணைத்தாள். மிஷின் இருண்டது. அவள் கை மட்டும் பெட்டியை விடவில்லை.

"குடும்மா."

விடவில்லை. ராஜமேரி ஈரக் காலோடு நடந்து போனார். மகளின் சுண்டுவிரலை முதலில் பிரித்தார். அப்புறம் அடுத்த விரலை.