அமாவாசையில் ஏறிய மலை

ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் நான் நூறு மலைகளாவது வரைந்திருப்பேன். எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னைமரம். ஓவிய வகுப்பு என்றால் நாற்பது பிள்ளைகளும் அதைத்தான் வரைவோம். ஆனால் காஞ்சிபுரத்தில் மலை கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குச் சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்துதான் வரும். அதுவும் எட்டு மணிக்கு மேல், ஏதோ ஆபீசுக்கு வருகிற மாதிரி.

அந்த வருடம் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் என் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மலைய பாக்காதவங்க இப்படித்தான் வரைவாங்க" என்றாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். சும்மா அழவில்லை, சோறு வேண்டாம் என்று சொல்லி அழுதேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் சித்தப்பா. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, ஆகவே என் அழுகைகளை விசாரிக்க அவருக்கு நேரம் இருந்தது. தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். பிறகு, "இதுக்கா அழற? வர்ற அமாவாசைக்கு உன்ன மலைக்கு கூட்டிக்கினு போறன். சூரியன் வர்றத நீயே பாரு" என்றார். அப்பா தலையை நிமிர்த்தித் தம்பியை ஒரு மாதிரி பார்த்தார்.

பட்டு நெய்கிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அமாவாசைக்குத்தான் தறி நிற்கும். பெண் பார்ப்பது, பல் பிடுங்கிக்கொள்வது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவது எல்லாமே எங்கள் தெருவில் அமாவாசையன்றுதான். அதனால் மலையும் அமாவாசைக்குத்தான் என்பதில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அம்மா மட்டும், "விடியறதுக்கு முன்ன ஏறணும்னா இருட்டா இருக்குமே தம்பி. பௌர்ணமிக்கு போனா இன்னா?" என்று கேட்டாள்.

"பௌர்ணமிக்கு போனா தறிய யாரு ஓட்டுவாங்க அண்ணி?" என்றார் சித்தப்பா.

மறுநாளே நான் வகுப்பில் சொல்லிவிட்டேன். அந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திங்கட்கிழமை முதல் பீரியடே ஓவியம். மலையையும் சூரியனையும் பார்க்காமல் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதை விட ஜுரம் வந்து படுத்துவிடலாம் என்றிருந்தது எனக்கு.

சித்தப்பா என் பழைய நோட்டின் பின்பக்கத்தில் திட்டம் போட்டார். வந்தவாசிப் பக்கம் ஒரு குன்று. உச்சியில் ஒரு வேல் நட்டிருக்கிறார்கள். வழி தவறாமலிருக்க ஊர்க்காரர்கள் பாறைகளில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். "ஆடு மேயற மலைதான், கொழந்தைங்க கூட ஏறலாம்" என்று பத்துத் தடவை சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா தன் பங்குக்கு, அமாவாசைப் படையல் இருக்கிறது, பத்து மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டும் என்றாள். காக்கைக்குச் சோறு வைக்கும்வரை அப்பா எதுவும் சாப்பிட மாட்டார், ஆகவே அவர் வெறும் வயிற்றோடு ஏற வேண்டும்.

பிறகு பயிற்சி தொடங்கியது. பத்து நாட்கள், தினமும் சாயங்காலம் அம்மா, அண்ணன், நான் மூவரும் மொட்டைமாடிப் படிக்கட்டில் இருபது முறை ஏறி இறங்க வேண்டும். சித்தப்பா கீழே நின்று செல்போனில் நேரம் பார்ப்பார். மூச்சு வாங்க இறங்கி வந்து, "நீ ஏறலியா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"டிரெய்னிங் குடுக்கிறவன் ஏறக்கூடாதுமா."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. தறி விஷயத்திலும் அவர் அப்படித்தான். தறியின் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில், சேலைக்கு டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓடுகிற டிசைன் அட்டை சிக்கிக்கொண்டால் அப்பாதான் மேலே ஏறுவார். சித்தப்பா கீழே நின்று, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று உத்தரவு போடுவார். அண்ணன் அவருக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தான்.

அமாவாசையன்று மூன்று மணிக்கு எழுந்து, எதிர்வீட்டுக்காரரின் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினோம். நாலரை மணிக்கு ஆட்டோ ஓர் இடத்தில் நின்றது. இறங்கினோம்.

"எங்க தம்பி மலை?" என்றாள் அம்மா.

"எதிர்லதான் அண்ணி இருக்குது."

எதிரில் ஒன்றும் இல்லை. பின்னாலும் ஒன்றும் இல்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்பா இருட்டுக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னார்: "அமாவாசையில மலை ஏற ஆள் கூட்டிக்கினு வந்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா." ஆட்டோக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டார்ச். தெருவில் பாவு விரித்து நூலை இழுத்துக் கட்டுகிற கயிறு ஒன்றைச் சித்தப்பா கொண்டுவந்திருந்தார். டார்ச்சோடு அண்ணன் முன்னால், பிறகு அம்மா, அப்பா, நான், கடைசியில் சித்தப்பா. எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், காலைத் தவிர வேறெங்கும் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பாதி தூரம் போனதும் அண்ணன், எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று பார்க்க டார்ச்சைப் பக்கவாட்டில் கீழே அடித்தான். வெளிச்சம் எதிலும் படாமல் போய்க்கொண்டே இருந்தது.

"டார்ச்ச கால்ல அடிடா" என்று சித்தப்பா கத்தினார். எங்களிடம் அவர் கத்தியதே கிடையாது. அண்ணன் டார்ச்சைத் திருப்பினான். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா, "பேட்டரி தீந்துடும்பா, அதுக்குத்தான்" என்றார் மெதுவாக.

அவர் வாய் முகூர்த்தம், பேட்டரி தீர்ந்தே போனது. செல்போன் வெளிச்சத்தில் அடுத்த அம்புக்குறி எங்கே என்று தெரியவில்லை. அப்பா வெறும் வயிற்றோடு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கிழக்கே லேசாக வெளுக்கத் தொடங்கியது. "இங்கயே ஒக்காந்து பாத்துட்டு எறங்கிடலாம் தம்பி" என்றாள் அம்மா. அங்கிருந்து பார்த்தால் ஒரு பெரிய பாறைதான் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை என் கண்முன் நின்றது.

"இல்ல அண்ணி, இருட்டோட மேல போயிடணும்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா எங்களைத் தாண்டி முன்னால் வந்தார். கைகளை ஊன்றித் தவழ்ந்தபடி ஒவ்வொரு பாறையாகத் தடவினார். தறியில் அறுந்த இழையை விரலாலேயே தேடிப் பிடிப்பாரே, அதேபோல. ஐந்து நிமிடத்தில், "கெடச்சிச்சி" என்றார். உள்ளங்கையைக் காட்டினார், வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

உச்சியை அடைந்தபோது சூரியன் இன்னும் வந்திருக்கவில்லை. வேல் நட்டிருந்த மேடைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நால்வரும் கிழக்கே பார்த்து வரிசையாக நின்றோம். சித்தப்பா மட்டும் அந்த மேடையில் முதுகை அழுத்திச் சாய்ந்து, எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கிழக்கு அவருக்குப் பின்னால் இருந்தது.

சூரியன் வந்தது. வந்த இடத்தில் மலையே இல்லை. ஓர் ஏரி, வயல், தட்டையான பூமி, அவ்வளவுதான்.

"ரெண்டு மலைக்கு நடுவுல வரலியே சித்தப்பா" என்றேன்.

"நாமளே மலை மேலதான இருக்கோம். வேற எந்த மலைக்கு நடுவுல வரும்?"

"திரும்பிப் பாரு சித்தப்பா."

"நீ பாத்து சொல்லும்மா. சேலைன்னா ஒடம்பு இன்னா கலரு, பார்டர் இன்னா கலரு?"

நான் சொன்னேன். முதலில் அரக்கு, அப்புறம் மிளகாய்ப்பழச் சிவப்பு, இப்போது மாம்பழ மஞ்சள், ஏரி ஓரம் முழுக்க ஜரிகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணைச் சிமிட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை வேளைகள் குறைவு.

இறங்கும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. சித்தப்பா உட்கார்ந்தபடியே, பாறை பாறையாகத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். புதிதாக மலை ஏறுகிறவர்கள் இப்படித்தான் இறங்க வேண்டும் என்றார். அம்மா நம்பினாளோ என்னவோ, நான் நம்பினேன். நானும் அப்படியே இறங்கி என் பாவாடையைப் பாழாக்கினேன். அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். "பயப்படாத, சித்தப்பா புடிச்சிக்கினு இருக்கன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பயமே இல்லை, ஆனாலும் சரி என்றேன். அவர் கை ஈரமாக இருந்தது. அப்பா எங்களுக்கு ஒரே ஒரு அடி முன்னால், தன் அகலமான முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். ஏறும்போது அவ்வளவு கேலி பேசியவர் இறங்கும்போது வாயே திறக்கவில்லை. பசி என்று நினைத்தேன்.

அன்று படையல் தாமதமாகிவிட்டது. காக்கை அதைவிடத் தாமதமாக வந்தது.

திங்கட்கிழமை நான் வரைந்த படத்தில் மலையே இல்லை. "மலை எங்க?" என்று டீச்சர் கேட்டார். "காலுக்கு கீழ இருக்குது டீச்சர்" என்றேன். நாலு பேருக்கு முதுகு வரைந்திருந்தேன், சித்தப்பாவுக்கு மட்டும் முகம். ஏற்காட்டுக்காரி உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு ஏன் திரும்பி ஒக்காந்திருக்காரு?" என்றாள். "எங்கள பாத்துக்கறதுக்கு" என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவும் அமாவாசையில் மலை ஏறியவர் என்று அவரைப் பல வருடங்கள் கேலி செய்தது. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

போன வருடம் சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குச் சித்தப்பா வந்திருந்தார். மெட்ரோ ரயில் நிலையத்தில், பூமிக்கு அடியில் இறங்குகிற நீளமான நகரும் படிக்கட்டின் மேல்முனையில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "பயப்படாதமா, சித்தப்பா புடிச்சிக்கினு இருக்கன்" என்றார்.

அந்தப் படிக்கட்டில் நான் தினமும் இரண்டு முறை போய்வருகிறவள். அவர் கை அன்று போலவே ஈரமாக இருந்தது. மாடிப்படியும் ஜக்கார்டு பெட்டியும் அந்த அமாவாசை இருட்டும் எனக்கு அப்போதுதான் ஒன்றாக விளங்கின. உயரம் என்றாலே உயிர் போகிற மனிதர், நான் அழுதேன் என்பதற்காக ஒரு மலையில் ஏறியிருக்கிறார். இருட்டில் பள்ளம் தெரியாது என்று நம்பி ஏறியிருக்கிறார்.

நான் அவருக்கு முன்னால் போய், ஒரு படி கீழே, என் முதுகு அவர் கண்ணை மறைக்கும்படி நின்றுகொண்டேன்.

"கெட்டியா புடிச்சிக்கோ சித்தப்பா" என்றேன். "எனக்கு பயமா இருக்குது."