இடுப்புயர அடுப்பு

அடுப்படிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம் என்று நான் சொன்னதும் கொத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூனை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"வந்தா பாலைக் குடிச்சுட்டுப் போவட்டும். நான் சொன்னதைச் செய்யுங்க."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத ஓர் அடுப்படியை நான் கட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளுக்குக் கோபத்தை விட்டால் வேறு என்ன துணை?

காரணம் என் மகள். அவளுக்கு வலிப்பு உண்டு. பத்து வயதில் ஆரம்பித்தது. மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. சாமி புண்ணியத்தில் போய்விட்டது என்று நினைக்கத் தொடங்குவேன். பிறகு ஒருநாள் பேசிக்கொண்டே இருப்பாள், கண் செருகும், அப்படியே சாய்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் முகம் கழுவிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடுவாள். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகிற பாதையில், ஊரைவிட்டுத் தள்ளி, முந்திரிக் கொல்லை ஓரத்தில் எங்கள் வீடு. அதனால் இந்த விஷயம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரிந்ததாகவே இருந்தது. மறைத்தது சரியா என்று இன்றைக்குக் கேட்கிறார்கள். கேட்பதற்கென்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஊருக்குத் தெரிந்திருந்தால் என் மகளைப் பெண் கேட்டு ஒரு நாதி வந்திருக்காது.

பழைய கூரை வீட்டில் அடுப்பு தரையில் இருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து சமைப்போம். ஒருநாள் காலை, கூழ் கிண்டிக்கொண்டிருந்தவள் முன்பக்கமாகச் சாய்ந்தாள். இடது கை கங்கில் போய்விட்டது. நான் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பிடித்து இழுத்துவிட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து, ஆறி, தோல் சுருங்கி நின்றது. கேட்டவர்களிடம் கஞ்சி கொட்டிவிட்டது என்றோம். நான் மட்டும் அந்நேரம் கொல்லைக்குப் போயிருந்தால்? முகம் அல்லவா முதலில் போயிருக்கும்!

அன்றைக்கே வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டு வீடு கட்ட வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். யுத்த காலத்தில் மரம் கிடைக்கவில்லை, இரும்பு கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்திருந்தது, முந்திரியும் அந்த வருஷம் கை கொடுத்தது. "வூடு எப்படி வேணா கட்டுங்க, அடுப்படி மட்டும் என் இஷ்டம்" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். பாவம், என்ன வரப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கொத்தனார் அரியலூர்க்காரர். முளையடித்துக் கயிறு கட்டி, அடுப்படியின் அளவைத் தரையில் காட்டினார். நான் அந்தக் கயிற்றுக்குள் இறங்கி ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தேன். அடுப்படி கட்டுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம், புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பார்கள். நான், இங்கே விழுந்தால் அவள் தலை எங்கே மோதும், கை எங்கே போகும் என்று பார்த்தேன். கயிற்றுக்குள் என் மகள் விழுந்துகொண்டே இருந்தாள்.

அடுப்பை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் வைக்கச் சொன்னேன். அதுவும் விளிம்பில் இல்லை, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு உள்தள்ளி. நின்று சமைக்கிறவள் சரிந்தால் மேடையோடு வழுக்கித் தரையில்தான் விழுவாள், நெருப்பில் விழமாட்டாள். மேடையின் முனையை மழுங்கடிக்கச் சொன்னேன். அம்மியையும் உரலையும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். கல் எதுவும் காலடியில் இருக்கக்கூடாது. பரண் வேண்டாம், ஏணி வைத்து ஏறுகிற வேலையே கூடாது. பருப்பு, புளி, மிளகாய்ப் பானைகளை எங்கே வைப்பது என்று கொத்தனார் கேட்டார். சுவரிலேயே முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை மாடக்குழி வைத்துப் பலகைக் கதவு போடச் சொன்னேன். எலி தின்றுவிடும் என்றார். தின்னட்டும் என்றேன். பூனைக்குப் பால் கொடுத்தாயிற்று, எலிக்குப் பருப்புக் கொடுப்பதில் என்ன வந்தது! அரிவாள்மணைக்குத் தனியாக ஒரு பொந்து. தண்ணீருக்கு வாயகன்ற அண்டா கிடையாது, கழுத்துக் குறுகின குடங்கள்தான். அவற்றை வரிசையாக வைக்க ஒரு தாழ்ந்த திண்டு. தாழ்ப்பாள் விஷயம் ஏற்கெனவே சொன்னதுதான். உள்ளே போட்டுக்கொண்டு விழுந்தால் யார் கதவை உடைப்பது?

அக்கம்பக்கத்தில் சிரிப்பு தொடங்கிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரி வந்து, "என்னடி, நின்னுக்கிட்டே சமைக்கப் போறியாமே, காப்பிக் கிளப்பு வைக்கப் போறியா?" என்று கேட்டாள். எனக்கு முட்டிவலி, உட்கார்ந்து எழ முடியவில்லை என்று ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற நொண்டி நொண்டி நடக்க வேண்டியதாகிவிட்டது. அவசரத்தில் எந்தக் காலை நொண்டினேன் என்பது மறந்துபோகும். "காலையில வலதுன்னு பார்த்தேனே?" என்று அவள் கேட்டபோது, "வலி என்ன, தாலி கட்டிக்கிட்டா இருக்கு, ஒரே இடத்துல நிக்க?" என்று சீறினேன். அவள் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நல்லவள்தான்.

என் மகளுக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. "எனக்கு வூடு கட்டுறியா, கோழிக்கூடு கட்டுறியா?" என்று ஒருநாள் கேட்டாள். "வாயை மூடுடி" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் கை நல்ல கை. வெறும் புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்தாலும் மணக்கும். அடுப்பிலிருந்து அவளை விலக்கிவைத்தால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துத்தான், விலக்காமல் இந்தக் கட்டடமே.

சுவர் எழும்பி, மேடை வெள்ளைப்பூச்சுக்குக் காத்திருந்த சமயத்தில் உடையார்பாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தூரத்து உறவு. ஒரே பையன், நிலம் நீர் உண்டு, அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். அந்த அம்மாள் பெண்ணையும் வீட்டையும் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மேடையை இடிச்சுடுவோம்" என்றார். "தரையில ஒரு அடுப்பப் போட்டு வைப்போம். கல்யாணம் ஆவட்டும், அப்புறம் உன் இஷ்டப்படி கட்டிக்க."

"கல்யாணம் ஆனா அவ ஏங்க இங்க சமைக்கப் போறா?"

கேட்டுவிட்டேனே தவிர, என் வாயிலிருந்து வந்தது எனக்கே திக்கென்றது. அவள் போகிற வீட்டில் தரையில்தான் அடுப்பு இருக்கும். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் இருக்கமாட்டேன். இத்தனை நாளும் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது அதைத்தான். சம்பந்தம் கூடினாலும் பயம், கூடாவிட்டாலும் பயம். மேடையை அவர் இடிக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்த அம்மாள் கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். நெட்டையான உருவம், அதிகம் பேசாத வாய். மோர் குடித்தாள். என் மகளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு, "அடுப்படி புதுமாதிரியா கட்டுறதாச் சொன்னாங்களே" என்று எழுந்தாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். மழுங்கின முனையில் அவள் கை கொஞ்சம் நின்றது. அண்ணாந்து பார்த்தாள்.

"பரண் கெடையாதா?"

"என்னால ஏற முடியாதுங்க அண்ணி, முட்டிவலி."

கதவை இப்படியும் அப்படியும் அசைத்தாள். "தாழ்ப்பாள்?"

"ஆசாரி இன்னும் வைக்கலைங்க."

குடங்கள் வரிசையாக இருந்த திண்டின் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"அண்டா ஒண்ணு கூட வைக்கலையே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வலிப்பு யாருக்கும்மா?" என்று கேட்டாள்.

எனக்கு எந்தப் பொய்யும் வரவில்லை. அத்தனை நாள் பொய் சொன்ன வாய்! வாசற்படியில் நின்றிருந்த என் மகள்தான் பேசினாள்.

"எனக்குத்தாங்க அத்தை."

அந்த அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். "சொல்லிட்டு வருமா, சொல்லாம வருமா?"

"சொல்லாமத்தான் வரும்."

என் மகளின் இடது கையைப் பிடித்து, வளையலை மேலே ஏற்றி, தழும்பைப் பார்த்தாள். கையை விட்டாள். "என் கூடப்பொறந்தவளுக்கு இருந்துச்சு. தண்ணி மொள்ளப் போனவ அண்டாவுல தலைகுப்புற விழுந்துட்டா. கூடத்துல நாங்க அத்தனை பேரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். பூ வைக்கவில்லை. சொல்லியனுப்புகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். முடிந்தால்கூடப் பரவாயில்லை, வெளியே சொல்லிவிடுவாளோ என்கிற பயம்தான் பிடுங்கித் தின்றது. பாதையில் யாராவது இரண்டு பேர் நின்று பேசினால் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். நாய் குரைத்தால் எழுந்து பார்ப்பேன். வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நானும் திட்டி ஆறியிருப்பேன். மனுஷன் வாயே திறக்கவில்லையே! என் மகளைத்தான் பிடித்துத் திட்டினேன். "உன்ன யாருடி கேட்டா? நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்ல?" என்றேன்.

"எத்தனை நாளைக்கும்மா சமாளிப்ப?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. நான் தாழ்வாரத்துக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன்.

இந்த நேரம் பார்த்துக் கொத்தனாரும் வேலைக்கு வரவில்லை. மாடக்குழிக்குப் பலகை வைக்க இடம் விட்டது விட்டபடி கிடந்தது. குழைத்த சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் வரவில்லை. விஷயம் தெரிந்துபோய் இந்த ஆளும் நின்றுவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். வலிப்புக்கார வீடு என்றால் வேலைக்குக்கூட வரக்கூடாதா? வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தேன்.

வந்தார். வெயில் சாய்கிற நேரத்தில், காலெல்லாம் செம்மண் அப்பிக்கொண்டு, நூல்கயிறு ஒன்றைக் கையில் சுற்றியபடி வந்து நின்றார்.

"வந்துட்டீரா? வூட்டைப் பாதியில போட்டுட்டு எங்கய்யா தொலைஞ்சீர்?" என்று ஆரம்பித்தேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உடையார்பாளையத்துல ஒரு அவசர வேலை. அந்த அம்மா ஆள் அனுப்பிக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. தரை அடுப்பைப் பேத்தெடுத்துட்டு மேடை கட்டணுமாம். அவங்க மவன், அந்தத் தம்பிதான் மண்ணு குழைச்சுக் குடுக்குது, ரெண்டு நாளா."

பேசிவைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"அங்க இருக்குற அம்மா நல்ல நெட்டை. என் உசரத்துக்குக் கட்டிடாதய்யா, வரப்போறவ உசரத்துக்குக் கட்டு, போய் அளந்துக்கிட்டு வான்னாங்க. பாப்பாவைச் செத்த சொவத்தோரமா நிக்கச் சொல்லுங்கம்மா."

அதற்குள் என் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து வந்துவிட்டார். கேட்டதும் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் மகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கொத்தனார் கயிற்றின் ஒரு நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியை அவள் இடுப்பு வரைக்கும் இழுத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"நேரா நில்லுடி" என்று அவளை அதட்டினேன்.