சூடேறும் கைப்பிடி

ஒஸ்லோவில் சில நடைபாதைகளுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. விழுந்த கையோடு பனி கரைந்துவிடும். காரின் இருக்கை சுடும், குளியலறையின் தரை சுடும். மரம் அரியும் சங்கிலி வாளின் கைப்பிடியும் சுடும் என்பதை, மரம் வெட்டும் வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். ஒரு சிறு பொத்தானைத் தட்டினால் போதும். அன்று வீட்டுக்கு வந்து, வாளுக்கு என்ன குளிர்காய்ச்சலா என்று என் மனைவி சாந்தியிடம் சொல்லிச் சிரித்தேன். கொஞ்சம் குறைவாகச் சிரித்திருக்கலாம்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் குழுவுக்குப் புது வாள்கள் வாங்க இருந்தார்கள். பொறுப்பாளர் மாரித், இரண்டு படங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று சாதாரண வாள். மற்றது அதே வாள்தான், கைப்பிடியில் மட்டும் சூடு உண்டு. கொஞ்சம் பாரம் கூட. "உனக்குச் சூடு வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும், வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அதற்கு முந்திய இரண்டு குளிர்காலங்களிலும் என் விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. வாள் பிடிக்கிறவர்களுக்கு அதிர்வாலும் குளிராலும் வருகிற வருத்தம் அது. வெள்ளை விரல் நோய் என்பார்கள். காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது சாந்திதான். ஆனால் வாய் என்னவோ, "நெய், தெ கோர் ப்ரா" என்றது. நோர்வே மொழியில், வேண்டாம், பரவாயில்லை என்று அர்த்தம். மாரித் தாளில் ஒரு கோடு கீறிவிட்டு, பக்கத்தில் நின்ற என் வேலைக் கூட்டாளி லார்ஸிடம் போனார். லார்ஸ் கேட்டவுடனேயே ஓம், வேண்டும் என்றான்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என் மடைத்தனம் விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பார்கள். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்போம். திரும்பவும் கேட்பார்கள். திரும்பவும் மறுப்போம். மூன்றாந்தரம் கேள்வியே இல்லாமல் தேத்தண்ணி வந்துவிடும். முதல் கேள்விக்கே ஓம் என்றவனை, தேத்தண்ணிக்குப் பறக்கிறான் என்று பின்னால் கதைப்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், மாரித்தின் இரண்டாவது கேள்விக்காக ஒரு கிழமை, ஏழு நாளும் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை, வாள்தான் வந்தது. பெட்டியைத் திறந்து பொத்தானைத் தேடினேன். இல்லை.

"இஞ்சேருங்கோ, எனக்குச் சூடு வேணும் எண்டு அவவிட்டைப் போய்ச் சொன்னால் உங்கட கிரீடம் விழுந்திடுமோ?" என்றாள் சாந்தி.

"விரல் ஏலாது எண்டு தெரிஞ்சால் வாளைப் பறிச்சுப்போடுவினம். பிறகு கிளை பொறுக்கத்தான் விடுவினம். அம்பத்திரண்டு வயசிலை வேறை என்ன வேலைக்குப் போறது?"

"அதுக்கு விரலைக் குடுக்கப்போறியளோ?"

எழுந்து போனேன்.

ஜனவரியில் ஒருநாள் குளிர் மைனஸ் பத்தொன்பது. ஒரு குடியிருப்பின் முற்றத்தில், பனிப் பாரத்தில் சாய்ந்துவிட்ட பிர்ச் மரம் ஒன்றை விழுத்த வேண்டும். மரம் விழவேண்டிய வழியை விட்டு ஒரு பக்கமாக நின்று, மரத்தில் கட்டிய கயிற்றை லார்ஸ் இழுத்துப் பிடித்திருந்தான். மரம் விழவேண்டிய முன்பக்கத்தில், வாய் பிளந்த மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கத்தால் அரிந்துகொண்டு வரவேண்டும். நடுவில் இரண்டு விரல் தடிப்புக்கு மரத்தை அறுக்காமல் விடவேண்டும். மரத்தைச் சரியான பக்கம் மடக்கி விழுத்துகிற கீல் அதுதான். அதை அறுத்துவிட்டால் மரம் தன் எண்ணப்படி விழும்.

கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சந்தானே என்று அரிந்தேன். போதும் என்று விசையை விட்டேன், விட்டதாகத்தான் நினைத்தேன். விரல் விடவில்லை. வாள் கீலையும் தின்றுகொண்டு போனது. மரம் முறுகித் திரும்பி லார்ஸின் பக்கம் சரிந்தது.

"ஓடடா! ஓடு!"

தமிழில்தான் கத்தினேன். சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்க வேண்டும். கயிற்றை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். அவன் நின்ற இடத்திலேயே மரம் விழுந்தது. எழும்பிய பனித்தூளில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். தூள் அடங்கியபோது அவன் முழங்காலில் இருந்தான், தலைக்கவசம் ஒரு பக்கம் கிடந்தது.

எழுந்து வந்தான். "உனக்குத் தெரியவில்லையா?" என்று மட்டும் கேட்டான். நான் கையுறைகளைக் கழற்றிக் கைகளை நீட்டினேன். விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. அவற்றைப் பார்த்தவன், பனியில் கிடந்து இன்னும் உறுமிக்கொண்டிருந்த என் வாளைக் குனிந்து நிறுத்தினான்.

லார்ஸ் சொல்வதற்கு முன் நானே மாரித்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கேட்டேனே. நீ வேண்டாம் என்றாயே?"

"எங்கள் ஆட்கள் முதல்தரம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்."

"அப்படியானால் வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னொருமுறை கேட்க வேண்டும்."

மாரித்தின் முகத்தில் கோபம் இல்லை. "இரண்டுமுறை கேட்டால், உன் சொல்லை நான் நம்பவில்லை என்றாகிவிடும்" என்றார். இருபது வருடமாக எவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு கிழமை வாளைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். முன்பு பயந்த மாதிரியே கிளைதான் பொறுக்கினேன். உயிர் போகவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. திரும்ப வாள் பிடிக்கலாம், ஆனால் ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகு, மாரித் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சூடு உள்ளது வேண்டும்" என்றேன். பிச்சை கேட்ட மாதிரிக் காது சுட்டது. அவரோ, சரி என்று தலையாட்டிவிட்டு விலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல்நாள் காலை பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளங்கையில் தொடங்கிய சூடு மெல்ல விரல்களுக்குப் போனது.

"சூடாக இருக்கிறதா?" என்றான் லார்ஸ்.

"எட்டு விரலுக்கு" என்றேன்.

இடது கையின் கடைசி இரண்டு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. போனது இனித் திரும்பாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பத்தில் எட்டு, கேட்டவுடன் ஓம் என்று சொல்லப் பழகிவிட்டன. மற்ற இரண்டும் இன்னும் வேண்டாம் என்றே நிற்கின்றன. அவற்றை இனி யாரும் இரண்டாந்தரம் கேட்கப்போவதில்லை.