பாதைக்காரர் மாணிக்கவாசகம்

டிப்பரின் முன்சக்கரம் பலகையில் ஏறும்போதே மாணிக்கவாசகம் ஓரமாகக் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார். படகின் பக்கத்தில் அவரே பூசிய சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால், குரலை உயர்த்தாமல் சொல்வார்: “ரிவேர்ஸ் போடுங்க. பாதி மணல எறக்கிட்டு வாங்க.”

பல்லேகமப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகு அது. ஊரார் அதைப் பாதை என்கிறார்கள். தரைவழியே சுற்றிப் போனால் இரண்டரை மணிநேரம். இரண்டு இயந்திரங்களில் ஒன்று செத்துக் கிடக்கிறது. உயிர்காப்பு அங்கி கேட்டு நான்கு முறை எழுதினார், இருபது வந்தன. களவு போய்விடுமாம், அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

“தண்ணியில உழுந்தவன் ஒப்பீசுக்குப் போயி சாவி கேக்கணுமா?”

மார்ச் மாதம் ஒரு காலை. தான் வரும்வரை பாதையை எடுக்கக்கூடாது என்று மேலதிகாரி தொலைபேசியில் உத்தரவிட்டார். அக்கரையில் ஓட்டோவுக்குள் ஸைனம்பு பிரசவ வலியில் கிடந்தாள். அவள் கணவன் அகீல் கைபேசியில் கெஞ்சினான்: “அண்ணே, வந்திருங்கண்ணே. தாங்க மாட்டேங்கிறா.”

மாணிக்கவாசகம் அதிகாரியை இருமுறை அழைத்தார். இருமுறையும், வந்துகொண்டிருப்பதாகவே பதில். ஐம்பது நிமிடம் கழித்து அதிகாரியின் ஜீப் வந்தது. ஸைனம்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை.

“அந்தாளு நிக்கச் சொன்னான், சரி. நான் எதுக்கு நின்னேன்?” என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்.

போன மாதம் அதே உத்தரவு மறுபடியும் வந்தது. அக்கரையில் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். “பாதை போகுதுங்க, மாத்தயா” என்று அதிகாரியிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு எடுத்துவிட்டார். பின்னால் வந்த ஜீப் ஒரு மணிநேரம் வெயிலில் காய்ந்தது.

இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். அந்த ஒற்றை இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் மறுவாரமே அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் பாதையில் தினமும் கரை கடக்கும் நானும் கூடப் போனேன். தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது. அதிகாரி பேனாவை நீட்டினார்.

மாணிக்கவாசகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தில் ஸைனம்புவின் பெயரையும் அவள் காத்திருந்த நேரத்தையும் எழுதி, அதன் கீழே கையொப்பமிட்டு, அதிகாரியின் பக்கமாகத் தள்ளினார்.