பிடுங்காத பிளக்

குனோங் ராபாட்டில் லேப்டாப் பழுது பார்ப்பவர் அவர். பெரிய உருவம், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. பேசும்போதெல்லாம் மேசையடியிலிருந்த தன் கணினியின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல் கை வைத்துக்கொள்வார். அதன் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டில் ஓடிய கேமை, சுங்கை சிப்புட்டில் ஒருவன், கேம் ஓட வலுவில்லாத தன் ஓட்டை லேப்டாப்பில், இணையம் வழியாக ஆடிக்கொண்டிருந்தான்.

அன்று, பழுதுக்குக் கொடுத்திருந்த என் லேப்டாப்பைப் பற்றிக் கேட்க நான் அவர் கடைக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. இடி என்றால் இங்கே முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான்.

"கார்டு போயிரும்ணே, புடுங்குங்க!"

"பைனல் ஓடுதுலா. புடுங்குனா அவன் தோத்துருவான்."

"உங்க தம்பியா?"

"மூஞ்சிகூட பாத்ததில்ல."

அடுத்த இடியில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கணினியின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

பழுதுக்கு வந்திருந்த லேப்டாப்புகளின் பிளக்குகளை, என்னுடையதையும் சேர்த்து, அவர் முன்பே பிடுங்கி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.