அம்பாசிடரும் பத்மினியும் ஒரு புதிய மின்கலமும்

என் அம்பாசிடர் கிளம்பாதபடி நானே செய்து, அயல்நாட்டு வேலைக்குச் செல்லவிடாமல் தன்னைத் தடுக்க முயன்றேன் என்று என் மகன் கருதுகிறான். அவ்வேலையை நான் விரும்பவில்லை, அது மெய். மற்றது மெய்யன்று. ஆதலால் இதனை எழுதிவைக்கிறேன்.

புத்தூரில் பக்கத்து வீட்டு நண்பரும் நானும் ஒரே கொட்டகையில் மகிழுந்துகளை நிறுத்தினோம். சாவிகள் ஒரே ஆணியில் தொங்கும். அவருடைய பத்மினி மெலிந்தது, குறுகிய தெருவிலும் எளிதில் வளைவது. திருமலைப் பாதையில் நால்வரை ஏற்றினால் திணறும். என்னுடையது எழுவரைச் சுமந்தும் தளராது. திருப்புபவன் தோள்தான் வலிக்கும்.

"உங்க வண்டி எருமை சார்" என்பார்.

"அந்த எருமைதான உங்க வீட்டையும் சேத்து மலையேத்துச்சி" என்பேன்.

புதுவகைச் சிறு கார்கள் பெருகிய ஆண்டுகள் அவை. நண்பரும் ஒன்றுக்குப் பதிவுசெய்து, பத்மினியைத் திருப்பதி விடுதிக்காரர் ஒருவருக்கு விற்றார். வந்தவர் முன் அது முதல் முயற்சியிலேயே கிளம்பிற்று. நானும் வியந்து பாராட்டினேன்.

மறுநாள் மகனைச் சென்னை விமான நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். வாடகை வண்டி போதும் என்றவனிடம், இதற்கெனவே புதிய மின்கலம் பொருத்தியிருப்பதாகக் கூறியிருந்தேன். காலையில் பெட்டிகளை ஏற்றிவிட்டு விசையை அழுத்தினேன். ஓசையே இல்லை. இரும்புக் கைப்பிடியைச் செருகி அவன் வியர்க்க வியர்க்கச் சுழற்றினான். பயனில்லை.

"புது பேட்டரின்னு சொன்னியே, நைனா."

பெட்டிகளை இறக்கினான்.

"பஸ்லயே போய்க்கிறேன். நீ வராத."

அவன் சென்றபின் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே நண்பரின் பழைய மின்கலம் இருந்தது.

அவர் மறுக்கவில்லை. "வாங்க வந்தவன் எதிர்ல டக்குனு ஸ்டார்ட் ஆவணுமே சார். உங்குளுதுக்கு ஹேண்டில் கீதே, சுத்தினா கெளம்பிடும்னு நெனச்சேன்."

மின்கலத்தில் சிறிதேனும் உயிர் இருந்தாலன்றிக் கைப்பிடியால் பயனில்லை என்பதை, இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் அறியாரோ? நடந்ததை மகனுக்கு எழுதும்படி மட்டும் கேட்டேன். எழுதுவதாகக் கூறினார். எழுதாமலே பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். என் கடிதங்களை மகன் நம்பவில்லை.

வண்டிகளைப் பற்றி நான் கூறியவற்றில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. அக்காலையைப் பற்றியதில் பிழையிருப்பின் என் மகனே எழுதித் திருத்தட்டும். முகவரி மாறவில்லை.