அண்ணனிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து பதினொரு நாள் கழித்து அண்ணன் வாயைத் திறந்து, "சரி" என்றார். அண்ணி அப்போது இட்லியைப் பாலில் கரைத்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பேச்சு வந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். நான் ஓடிப்போய்த் தெருக்கோடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே சொல்தான். அதற்கு மறுநாளும் அதேதான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும், உங்கள் பெயர் என்ன என்று கேட்டாலும் "சரி" என்பார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டுப் போனது, சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

"நாம பேசறது அவருக்குப் புரியுதா சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"கொஞ்சம் புரியலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அண்ணன் முப்பது வருடம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர். பேச்சுதான் அவர் பிழைப்பு. ஆந்திராவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கல்யாணக் குடும்பம் வந்தால் தெலுங்கில் வரவேற்பார். வடக்கத்தியர் வந்தால் அரைகுறை இந்தியில் சிரிக்கவைப்பார். பெண்ணின் அம்மா எந்தச் சேலையைப் பார்த்து மனதுக்குள் ஆசைப்படுகிறாள் என்பது நாலாவது சேலையை விரிக்கும்போதே தனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமையடித்துக்கொள்வார். "வாய் ஆயிரம் சொல்லும்டா. மூஞ்சிய பாத்தா போதும்" என்பார். அப்படிப்பட்டவரின் முகம் இப்போது ஒரு பக்கமாகச் சரிந்து, எதையும் காட்டாமல் இருந்தது.

நான் பத்திரம் எழுதுபவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். "சுயநினைவுடன், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு மனச்சம்மதத்துடன்" என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனதில் அந்தச் சம்மதம் இருக்கிறதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வரி தாளில் இருந்தால் சம்மதமும் இருந்தது என்றுதான் கணக்கு.

இரண்டு மாதத்தில் அண்ணி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். "வெடுக்குனு சொன்னா வேணும்னு அர்த்தம் தம்பி. இழுத்துச் சொன்னா வேணாம்னு அர்த்தம்" என்றாள். எனக்கு எதிரிலேயே செய்து காட்டினாள். கேழ்வரகுக் கஞ்சியைக் காட்டிக் கேட்டபோது "சரீ" என்று இழுத்தார். அண்ணி அதை ஓரமாக வைத்துவிட்டாள். காப்பி என்றதும் "சரி" என்று சட்டென வந்தது. வாயைத் திறந்து குடித்தார். அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் கேட்கப் பழகினேன். மின்விசிறியைப் போடுவதும் ஜன்னலைச் சாத்துவதும் அந்த இழுப்பைப் பார்த்துத்தான். சில நாள் அது பொருந்தாது. வெடுக்கென்று சரி சொல்லிவிட்டுச் சோற்றைத் துப்புவார். "அதுக்குள்ள மனசு மாறிடுச்சு" என்பாள் அண்ணி. எப்படி நடந்தாலும் தப்பாகாத விதி ஒரு விதிதானா என்று எனக்குள் ஒரு கேள்வி எழும். கேட்டதில்லை. வீட்டில் பேச்சு மாதிரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆறாவது மாதம், வாதத்தில் விழுந்த பக்கத்துக் காலின் கட்டைவிரல் கறுத்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு வாரத்தில் கறுப்பு பாதத்துக்கு ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் விஷம் ரத்தத்தில் கலந்துவிடும் என்றார்கள். "அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவரும் ஒத்துக்கிட்டா நல்லது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். துணிமணி எடுத்துவர அண்ணி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கட்டிலருகே குனிந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, கால எடுக்கணும்னு சொல்றாங்க. எடுத்தாதான் உயிர் நிக்குமாம். எடுத்துடலாமா?"

அண்ணன் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு "சரீ…" என்றார். அவ்வளவு நீளமாக அவர் இழுத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு முடியும்வரை இழுத்தார்.

படிவத்தோடு நர்ஸ் பின்னால் நின்றிருந்தாள். "சொல்லிட்டாரா சார்?"

"சொல்லிட்டாரு."

அவருடைய இடது கைப் பெருவிரலை நானே பிடித்து மையில் தோய்த்து ஒற்றினேன். கீழே காலியாக இருந்த இடத்தில், "விவரம் கேட்டுப் புரிந்துகொண்டு, முழு மனதுடன் சம்மதிக்கிறார்" என்று என் கை பழக்கத்தில் எழுதியது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. காயமும் ஆறியது. ஆனால் அதன்பின் அண்ணன் அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கோபமாக இருக்கிறார் என்றாள் அண்ணி. "அன்னிக்கு எப்படி சொன்னாரு தம்பி, வெடுக்குனா, இழுத்தா?" என்று என்னைக் கேட்டாள். "வெடுக்குனுதான் அண்ணி" என்றேன். ஐந்து மாதம் அப்படியே கிடந்து, மாசியில் ஒரு காலை வேளையில் அண்ணன் இறந்துபோனார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, நான் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அழுவாள், அல்லது வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அண்ணனின் வேட்டிகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"வெடுக்கு, இழுப்பு எல்லாம் நானா வச்சிக்கினதுதான் தம்பி. எதிர்ல ஒரு ஆளு நாள் பூரா சரி சரின்னு சொல்லிக்கினே இருக்கறாரு. ஒண்ணுமே புரியலன்னா எப்படி சோறு ஊட்டறது? அதான் ஏதோ ஒண்ணு வச்சிக்கினேன். எனக்கு மட்டும் இன்னா தெரியும்?"

"அப்போ அவரு வேணாம்னு சொல்லலியா அண்ணி?"

"சொல்லியும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்பா."

அவள் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னாள். கால் எடுக்காவிட்டால் அந்த வாரமே போயிருப்பார் என்றும் சொன்னாள். இரண்டும் உண்மைதான். இந்த மூன்று வருடத்தில் இரண்டையும் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அண்ணன் மனதுக்குள் அன்று என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் என் காதில் அன்று விழுந்தது "வேண்டாம்" என்றுதான். அது எனக்குத் தெரியும்.